வீட்டுக்கு முதல் கணினி வந்த காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் மூவறை வீட்டில் வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், அம்மா தொழிற்சாலையில். அக்கா பிள்ளைகளும் உடன் வேலை செய்யும் இளையவர்களும் பழைய கணினிகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பரணில் பழைய பெட்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் வேறு மாதிரிக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்குமான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

வீட்டில் வைத்துக்கொள்ளும் கணினி என்ற எண்ணம் பரவியது 1977-ல், ஆப்பிள் 2 வந்தபோது. 1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. 1982-ல் சின்கிளேர் ஸ்பெக்ட்ரமும் கமடோர் 64-உம் வந்தன. நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து, தொலைபேசியை அடைத்துக்கொள்ளாத அகன்ற அலைவரிசை இணையம் வீடுகளுக்கு வந்த 2000 வாக்கு வரை.

கேசட்டில் விளையாட்டு ஏற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். மாமாவிடம் 48 கேபி நினைவகம் கொண்ட ஸ்பெக்ட்ரம் இருந்தது. கறுப்புப் பெட்டி, ரப்பர் பொத்தான்கள். அதைத் தொலைக்காட்சியில் இணைத்து, பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு வயரைச் செருகுவார். டேப் ஓடும்போது ‘ஈஈஈ’ என்று ஒரு நீண்ட ஒலி வரும். திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடும். தகவல் வரத் தொடங்கியதும் அந்தப் பட்டைகள் மஞ்சளும் நீலமுமாக மாறும். பிறகு திரையில் படம் வரும். மேல்பகுதி, நடுப்பகுதி, கீழ்ப்பகுதி என்று கறுப்பு வெள்ளையில் கோடு கோடாக நிரம்பி, கடைசியில் மேலிருந்து வண்ணம் இறங்கும். ஒரு பெரிய விளையாட்டு முழுதாக ஏற ஏறக்குறைய ஐந்து நிமிடம் பிடிக்கும்.

டேப் ரெக்கார்டரின் ஒலி அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நான்காவது நிமிடத்தில் ‘டேப் லோடிங் எரர்’ என்று வந்து நின்றுவிடும். மாமா ஒலிக் குமிழின் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் குமிழைத் திருகக் கூடாது. நாங்கள் நான்கைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அந்த ஐந்து நிமிடமும் பேசாமல் இருப்போம். படம் எந்தப் பகுதி வரை வந்திருக்கிறது என்பதுதான் எங்களுக்குக் கடிகாரம்.

பிளாப்பியை வெட்டுவீர்களாமே?

ஆமாம். பிளாப்பி என்பது உறைக்குள் இருக்கும் மெல்லிய காந்த வட்டு, கோப்புகளைச் சேமிக்க. ஆப்பிள் 2-ன் வட்டு இயக்கி ஒரு பக்கத்தை மட்டும்தான் படிக்கும், ஒரு பக்கத்துக்கு 140 கேபி. வட்டின் மறுபக்கத்திலும் பெரும்பாலும் நல்ல காந்தப் பூச்சு இருக்கும். ஆனால் அதில் எழுதுவதற்கு உறையின் அந்த ஓரத்திலும் ஒரு பள்ளம் வேண்டும். காகிதத்தில் துளை போடும் கருவியை எடுத்து, இன்னொரு பிளாப்பியை மேலே கவிழ்த்து அளவு பார்த்து, ஒரே அழுத்து. வட்டின் விலையில் பாதி மிச்சம். பள்ளியின் கணினி மன்றத்தில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மூத்த மாணவி.

கணினியை எங்கே வாங்கினீர்கள்?

புதுப் பெட்டி, அட்டையில் ஒட்டிய விலை, உத்தரவாதச் சீட்டு என்று வாங்க விரும்பியவர்கள் 1985-ல் திறந்த ஃபுனான் சென்டருக்குப் போனார்கள். உதிரியாக வாங்கிச் சேர்க்க விரும்பியவர்கள் 1987-ல் திறந்த சிம் லிம் ஸ்குவேருக்கு. எங்களுக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியானது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறியும் மீனும் வாங்குவதற்கு முன்பே அப்பா என்னை அங்கே கூட்டிப் போவார். ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் கடை. மீனை வாங்கிவிட்டுப் போனால் கெட்டுவிடும் என்பதால் இந்த வரிசை.

ஒவ்வொரு கடையிலும் ஒரு விலைப்பட்டியல் தாள் கொடுப்பார்கள். மதர்போர்டு இவ்வளவு, ரேம் இவ்வளவு, கேசிங் இவ்வளவு. அப்பா ஆறேழு கடைத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒரு வரிக்கு ஒரு வரி ஒப்பிடுவார். ஆங்கிலத்தில் நீளமாகப் படிப்பது அவருக்குச் சிரமம். ஆனாலும் அந்தத் தாள்களில் இருந்த ஒவ்வொரு சொல்லும் மூன்றே வாரத்தில் அவருக்கு மனப்பாடம். 1991-ல் 2 எம்பி நினைவகமும் 40 எம்பி ஹார்டு டிஸ்க்கும் கொண்ட ஒரு கணினி வாங்கினோம். அதன் சிப்பின் பெயரால் அதை 386 என்போம். 2,000 வெள்ளிக்கு மேல் ஆனது. அம்மாவின் கூட்டுச் சீட்டுப் பணம் அதில்தான் போனது. இன்று கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், பத்துப் படத்துக்கு அந்த டிஸ்க் நிறைந்துவிடும். எங்களுக்கு அது நான்கு வருடம் தாங்கியது.

இந்த வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஏதாவது பங்கு உண்டா, அல்லது நாம் வாங்கிப் பயன்படுத்தியவர்கள் மட்டும்தானா?

பெரிய பங்கு உண்டு. அதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம். 1981-ல் ஆப்பிள் நிறுவனம் அங் மோ கியோவில் தொழிற்சாலை திறந்தது. 1982-ல் ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் சீகேட் வந்தது. அதன்பின் வேறு நிறுவனங்களும் வர, எண்பதுகளில் உலகத்தின் ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பங்கு இந்தத் தீவில் தயாரானது. அந்த வரிசைகளில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். எல்லையைக் கடந்து ஜொகூரிலிருந்து அதிகாலையில் பேருந்தில் வந்தவர்களும் உண்டு.

என் அம்மாவும் அப்படி ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை பார்த்தவர். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடை, முகமூடி, கண் மட்டும் தெரியும். நுண்ணோக்கி வழியாகப் பார்த்துத்தான் வேலை. உள்ளே வட்டு சுழலும்போது படிக்கும் முனை அதன்மேல் படாமல், முடியின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கும். அதனால்தான் அந்தச் சுத்தம். ‘உள்ள ஒரு முடி விழுந்தா போச்சும்மா’ என்பார்.

எங்கள் 386 வீட்டுக்கு வந்த அன்று, அப்பா சுவிட்சைப் போட்டதும் அம்மா குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தார். டிஸ்க் சுழன்று வேகம் எடுக்கும் அந்த ஓசையைக் கொஞ்ச நேரம் கேட்டார். ‘நல்லா ஓடுது’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஐந்தாறு வருடம் வேலை செய்தும், தான் செய்த பொருள் ஒரு வீட்டுக்குள் ஓடுவதை அவர் கேட்டது அன்றுதான் முதல்முறை.

சவுண்ட் பிளாஸ்டர் என்று ஏன் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள்?

அதற்கு முன் பெரும்பாலான பிசிகளில் சத்தம் என்றால் ‘பீப்’ மட்டும்தான். சிம் வோங் ஹூ 1981-ல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறிய கணினிக் கடையாகத் தொடங்கியது கிரியேட்டிவ் டெக்னாலஜி. அந்தக் கட்டடமே இப்போது இல்லை. 1989-ல் அவர்கள் கொண்டுவந்த, கணினிக்குள் செருகும் ஒலி அட்டைதான் சவுண்ட் பிளாஸ்டர். இசை, பேச்சு, விளையாட்டின் வெடிச்சத்தம் எல்லாம் ஒரே அட்டையில். சில வருடங்களில் உலகம் முழுவதும் விளையாட்டுப் பெட்டிகளின் மேல் ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு ஏற்றது’ என்று அச்சிட்டார்கள். நம் ஊர்ப் பொருள் உலகத்துக்கே அளவுகோலாக இருந்ததைப் பதின்ம வயதில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் இறந்தபோது எனக்கு நெருங்கிய ஒருவர் போனது போலிருந்தது.

ஆனால் அட்டையைச் செருகியதும் பாடிவிடாது. முகவரி 220, ஐஆர்க்யூ (அட்டை கணினியைக் கூப்பிடும் வழியின் எண்) 5 அல்லது 7, டிஎம்ஏ (ஒலித் தகவல் நினைவகத்திலிருந்து வரும் வழியின் எண்) 1 என்று நாமே சொல்ல வேண்டும். 7 என்று வைத்தால் பிரிண்டரோடு மோதலாம், ஏனென்றால் பிரிண்டர் வாயிலுக்கும் வழக்கமாக அதே எண்தான். எங்கள் வீட்டில் அப்பாவின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடினால் இசை நிற்கும். அட்டையில் ஒரு கறுப்புத் துண்டைப் பிடுங்கி அடுத்த முள்ளில் செருகி 5-க்கு மாற்றியபோது எனக்கு வயது பத்தொன்பது. ஒரு இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று நானே யோசித்துக் கண்டுபிடித்துச் சரிசெய்தது அதுதான் முதல். நான் இன்று செய்யும் வேலைக்கு வந்த வழி அங்கேதான் தொடங்கியது.

அதோடு வந்த ‘டாக்டர் ஸ்பைட்சோ’ என்ற பேசும் நிரலை மறந்தவர் இருக்க முடியாது. நாம் தட்டச்சு செய்வதற்கு உலோகக் குரலில் பதில் சொல்லும். நாங்கள் ‘வணக்கம்’, ‘சாப்பிட்டாச்சா’ என்றெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்து அதைத் தமிழ் பேச வைக்கப் பார்த்தோம். ழகரம் அதற்கு வரவே இல்லை.

640 கேபி என்றால் என்ன?

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து நிரல்கள் நேரடியாகப் பயன்படுத்த முடிந்த நினைவகத்தின் எல்லை. கணினியில் 4 எம்பி இருந்தாலும் இந்த 640 கேபிக்குள் போதிய இடம் காலியாக இல்லாவிட்டால் விளையாட்டு ஓடாது. அதனால் எலி, சவுண்ட், சிடி ஆகியவற்றை இயக்கும் சிறு நிரல்களை 640 கேபிக்கு மேலே உள்ள பகுதிக்கு ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஒரு விளையாட்டுக்கு ஒரு பிளாப்பி என்று தனித்தனித் தொடக்க வட்டு வைத்திருந்தவர்கள் பலர்.

சிங்கப்பூருக்கு இணையம் எப்போது வந்தது?

முதலில் பல்கலைக்கழகத்துக்குத்தான் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேசியப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு டெக்நெட் என்ற வலையமைப்பு இயங்கியது. பொதுமக்களுக்கு இணைப்புத் தந்த சேவைகள் பிறகு வந்தன: 1994-ல் சிங்நெட், 1995-ல் பசிபிக் இன்டர்நெட், 1996-ல் சைபர்வே. அதற்கு முன்பே தொலைபேசி வழியாக ஒருவர் வீட்டுக் கணினியை இன்னொருவர் அழைத்துச் செய்தி விட்டுப் போகும் பிபிஎஸ்-களும், டெலிவியூ என்ற தகவல் சேவையும் இருந்தன.

மோடம் போட்ட சத்தத்துக்குப் பொருள் உண்டா?

உண்டு. மோடம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் கருவி. அது இரண்டு இயந்திரங்கள் பேரம் பேசும் சத்தம். முதலில் டயல் ஒலி, அப்புறம் எண்களைச் சுழற்றும் ஒலி. மறுமுனை எடுத்ததும் ஒரு நீளமான கூவல்: ‘நானும் மோடம்தான்’ என்று அர்த்தம். பிறகு உனக்கு எந்த வேகம் தெரியும், இந்தக் கம்பியில் எவ்வளவு எதிரொலி, எந்த அளவுக்குத் தாங்கும் என்று சோதிக்கும் கிறீச்சுகள். ஒப்பந்தம் ஆனதும் இரைச்சலாக மாறும். உடனே மோடம் தன் ஒலிபெருக்கியை அணைத்துக்கொள்ளும். எத்தனையாவது கிறீச்சில் தடுமாறுகிறது என்பதை வைத்தே இணைப்பு கிடைக்குமா என்று சொல்லிவிடலாம். இரவில் அப்பா எழுந்துவிடாமலிருக்க ‘ஏடிஎம்0’ என்ற கட்டளையைக் கொடுத்து ஒலியை முழுதாக அடக்கிவிடுவேன்.

வேகத்தைக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். நொடிக்கு 28,800 பிட் மோடத்தில் 1 எம்பி இறங்க, எல்லாம் ஒழுங்காகப் போனாலே ஐந்து நிமிடம். ஒரு பாட்டு 3 எம்பி என்றால் கால் மணி நேரம். அதற்குள் யாராவது அடுத்த அறையில் தொலைபேசியை எடுத்தால் அறுந்துவிடும். உள்ளூர் அழைப்புக்கும் நேரக் கணக்கில் கட்டணம் என்பதால் சந்தாவும் போய், தொலைபேசிக் கட்டணமும் சேரும். எங்கள் வீட்டில் தொலைபேசியின் மேல் ஒரு சிவப்புக் கைக்குட்டை கிடந்தால் ‘லைனில் இருக்கிறேன், எடுக்காதீர்கள்’ என்று பொருள். அத்தை மட்டும் கைக்குட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு எடுத்துப் பேசுவார்.

ஐசிக்யூ, ஐஆர்சி?

இரண்டும் இணையத்தில் எழுத்தில் அரட்டை அடிக்கும் வழிகள். ஐசிக்யூ 1996-ல் வந்தது. செய்தி வந்தால் ‘அ-ஓ’ என்று கூப்பிடும். அலுவலகத்தில் அந்த ஒலி கேட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஐஆர்சியில் புனைபெயரில் பேசினோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்ததால், ழ-வுக்கு எந்த எழுத்து என்ற சண்டை ஓயவே இல்லை.

தமிழ் எப்போது திரைக்கு வந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இதில் சிங்கப்பூர் முன்வரிசையில் நின்றது.

1995 அக்டோபரில், அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கிவைத்தார். நான்கு மொழிக் கவிதைகள். அதில் தமிழும் தமிழ் எழுத்திலேயே இருந்தது. இணையத்தில் தமிழ் எழுத்து தெரிந்த மிக முந்தைய தருணங்களில் அது ஒன்று. அதன் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி, சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் அவர் குழுவும் உடன் நின்றார்கள். 1997 மே மாதம் தமிழ்நெட் 97 கருத்தரங்கு இங்கே நடந்தது. தமிழைக் கணினியில் கையாளும் ஆட்கள் பல நாடுகளிலிருந்து வந்து ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். இரண்டே வருடத்தில், 1999-ல், கோவிந்தசாமி காலமானார். அதே ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99-ல் தமிழ் விசைப்பலகைக்குப் பொதுவான அமைப்பு முடிவானது. 2000-ல் மீண்டும் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு. தமிழ்க் கணிமைக்கான உலக அமைப்பான உத்தமம் பிறந்ததும் அந்த ஆண்டில்தான்.

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-லிருந்தே உருவாக்கிவந்த முரசு என்ற தமிழ் மென்பொருள், பிறகு ‘முரசு அஞ்சல்’, எங்கள் வீட்டுக்குள் தமிழைக் கொண்டுவந்தது. அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும். அப்பாவை உட்காரவைத்து அவர் பெயரை அடிக்கச் சொன்னேன். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதுவரை அந்தப் பெட்டி பிள்ளைகளுடையது. அன்றிலிருந்து மாலையில் அதன் முன் யார் உட்காருவது என்று அப்பாவுக்கும் எனக்கும் முறை வைக்க வேண்டியிருந்தது.

பழைய தமிழ்ப் பக்கங்கள் ஏன் கிறுக்கலாகத் தெரிந்தன?

அன்றைய எழுத்துருவில் 256 இடங்கள்தான். பாதி ஆங்கிலத்துக்கு. மீதியிருக்கும் இடத்தில் நம் 247 எழுத்துகளை வைக்க முடியாது. அதனால் கால், கொம்பு, சுழி என்று துண்டு துண்டாக வைத்து, பார்ப்பதற்கு எழுத்தாகச் சேர்த்தார்கள். எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவுசெய்தார்கள். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் ஐரோப்பிய எழுத்துகளின் தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த வரிசைதான் தெரியும். டிஸ்கி, டாப், டாம் என்று பொதுத் தரங்கள் வந்து கொஞ்சம் ஒழுங்குபடுத்தின. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் 1991-லிருந்தே தமிழ் இருந்தும், விண்டோஸ் 2000-க்குப் பிறகுதான் சாதாரண வீடுகளில் அது உண்மையிலேயே வேலை செய்தது.

என்னிடம் பழைய பிளாப்பிகளும் தமிழ்க் கோப்புகளும் இருக்கின்றன. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், காந்தப் பூச்சு காத்திருக்காது.

முதலில் வட்டைப் பாருங்கள். 3.5 அங்குல வட்டின் உலோகக் கதவைத் தள்ளி, வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தால் பூஞ்சை வெள்ளைத் திட்டாகத் தெரியும். நம் ஊர் ஈரத்தில் இது சாதாரணம். பூஞ்சை பிடித்ததை அப்படியே செருகினால் அந்த வட்டும் கீறும், இயக்கியின் முனையும் அழுக்காகி அடுத்த வட்டையும் கெடுக்கும். சுத்தமான வட்டுகளை முதலில் படியுங்கள். எழுதாதபடி பூட்டிவிடுங்கள்: 3.5 அங்குலத்தில் ஓட்டை திறந்திருக்க வேண்டும், 5.25 அங்குலத்தில் பள்ளத்தை ஒட்டி மூட வேண்டும். ‘ஃபார்மட் செய்யவா’ என்று கணினி கேட்டால் ஒருபோதும் சரி சொல்லாதீர்கள். 3.5 அங்குலத்துக்கு யுஎஸ்பி இயக்கி போதும். 5.25 அங்குலத்துக்குப் பழைய இயக்கியும் தனிக் கட்டுப்பாட்டுப் பலகையும் வேண்டும். தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

கோப்பு கிடைத்தபின் அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். வேர்டு கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அந்தப் பெயரை எழுதிவையுங்கள், எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. பிறகு யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் போட்டு, ‘கெ’, ‘கை’, ‘கொ’, ‘கௌ’ வரும் இடங்களைக் கண்ணால் சரிபாருங்கள். பழைய முறையில் கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில். தப்பு நடந்தால் அங்கேதான் நடக்கும். மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள்.

பழைய பெட்டியை மின்சாரத்தில் போட்டுப் பார்க்கலாமா?

உடனே போடாதீர்கள். 386, 486 காலத்துப் பலகைகளில் நீல நிற உருளை பேட்டரி இருக்கும், அது கசிந்து பலகையை அரித்திருக்கலாம். திறந்து பார்த்து, கசிந்திருந்தால் தெரிந்தவரைக் கொண்டு எடுத்துவிடுங்கள். படக்குழாய்த் திரையைத் திறக்கவே வேண்டாம், அணைத்தபின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் நிற்கும். எறிவது என்றால் மின்கழிவுச் சேகரிப்புக்குக் கொடுங்கள், 2021 ஜூலையிலிருந்து இங்கே அதற்கு முறையான திட்டம் உண்டு. ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விளையாட்டை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், அதை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் நிரல் போதும்.

உண்மையிலேயே அந்தக் காலம் இவ்வளவு நன்றாக இருந்ததா?

கணினி இருந்த வீட்டில் நன்றாக இருந்தது. எங்கள் தளத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. எதிர்வீட்டுத் தோழி பள்ளிக் கட்டுரையை எங்கள் வீட்டுக்கு வந்து அடித்துப் போவாள். நேரமாகிவிட்டால் பாதியில் எழுந்து போவாள், மீதியைக் கையால் எழுதுவாள். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ‘இன்னும் கொஞ்ச நேரம் உட்காரு’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் மீட்ட கோப்புகளில் என்ன கிடைத்தது?

பதினேழு பிளாப்பிகளில் பதினொன்றைப் படிக்க முடிந்தது. பெரும்பாலும் விளையாட்டுகள், என் கல்லூரிக் குறிப்புகள். ஒன்றில் ‘கடிதம்1’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு கோப்பு, 1998 மார்ச். திறந்தால் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகள். எழுத்துருவின் பெயரைப் பிடித்து மாற்றினேன்.

அப்பா மன்னார்குடியில் இருந்த தம்பிக்கு எழுதியது. ‘இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, மழை, விலைவாசி, என் வேலை, அம்மாவின் முழங்கால் வலி என்று போகிறது. நடுவில் ஒரு வரி: ‘இந்தக் கடிதத்தை நானே கம்ப்யூட்டரில் அடிக்கிறேன், எழுத்து நன்றாக இருக்கிறதா என்று எழுது.’

சித்தப்பா பதில் போட்டாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நீலநிற அஞ்சல் தாளை எடுத்து வந்தார். கையெழுத்தில், முதல் வரியிலேயே இருந்தது: ‘அண்ணா, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் அடுத்த கடிதம் உன் கையால் எழுது.’